எண்ணெய்க்கு அடங்காத உப்பு

தீபாவளிக்கு வாங்கிய தகரத் துப்பாக்கி கார்த்திகை தீபத்துக்குள் துருவேறிப் போவதைப் பார்க்காத வீடு நம் ஊரில் குறைவு. ஐப்பசி அடைமழைதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே மழையில் அதே பரணில் கிடந்த பிஸ்கட் டப்பாவும் சாவி கொடுக்கும் பொம்மை ரயிலும் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. துப்பாக்கியிலும் துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லை. சுருள் கேப்பின்மீது சுத்தி வந்து அடிக்கும் அந்தக் குட்டி வட்டத்தில்தான் முதலில் செம்பொடி எட்டிப் பார்க்கும். பிறகுதான் மற்ற இடங்களுக்குப் பரவும்.

கேப்புச் சுருளில் இருப்பவை சிவப்புப் பாஸ்பரசும் பொட்டாசியம் குளோரேட்டும். இந்தக் குளோரேட்தான் சிவகாசித் தீக்குச்சியின் தலையிலும் இருக்கிறது. ராணுவத் துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பாகத்திலும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இதுவே உட்கார்ந்திருந்தது. தகரத் துப்பாக்கியைத் தின்ற அதே பொருள் உலகத்து ராணுவங்களின் எஃகுக் குழல்களையும் தின்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பெரிய பெரிய நிபுணர்கள் இந்தக் குற்றத்தை வேறொரு பொருளின்மீது சுமத்திக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பழி சுமந்த பொருளுக்கும் கொங்கு நாட்டுக்கும் ரயில் வழி உறவு உண்டு.

போத்தனூர் சந்திப்பில் நின்று வடக்கே பார்த்தால், கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் போகும் தடம் தெரியும். 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூருக்குப் பாதை முடிந்தபோது கோவைக்காரர்களுக்கு ரயில் என்றால் போத்தனூர்தான். நகரத்துக்குள் ரயில் வந்தது 1873இல், மேட்டுப்பாளையம் கிளைப்பாதை போட்ட பிறகு. அங்கிருந்து 1899இல் பல்சக்கர ரயில் குன்னூருக்கு ஏறியது. 1908இல் அது உதகைவரை நீண்டது. குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே அந்தப் பாதையில் அருவங்காடு என்றொரு சின்ன நிலையம் வரும். ஜன்னலோரம் இடம் பிடித்தவர்கள் மதில் சுவரையும் முள்கம்பியையும் பார்த்திருப்பார்கள். அதுதான் கார்டைட் தொழிற்சாலை. பாதை உதகையை எட்டும் முன்பே, நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசு அதை நிறுவிவிட்டது. இன்று அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் ஓர் அங்கம்.

கார்டைட் என்பது புகை அதிகம் தராத வெடிமருந்து. 1889இல் ஃபிரெடெரிக் ஏபல், ஜேம்ஸ் டியூவர் என்ற இருவர் உருவாக்கியது. வெற்றிடக் குடுவையைக் கண்டுபிடித்த அதே டியூவர்தான். நம் வீட்டுக் காபி ஃபிளாஸ்க்கின் மூதாதை அவர் மேசையில் பிறந்தது. கார்டைட்டின் முதல் வடிவத்தில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, மீதி 5 பங்கு வாசலின். குழலின் உட்சுவரில் வழவழப்பு இருக்கட்டும் என்றுதான் வாசலினைச் சேர்த்தார்கள். அந்த வெப்பத்தில் வாசலினாவது வழவழப்பாவது! எல்லாம் எரிந்துபோனது. ஆனால் வெடிமருந்து கிடங்கில் கெடாமல் இருக்க அது உதவுகிறது என்று பின்னால் தெரியவந்தது. நினைத்த வேலையைச் செய்யாமல் நினைக்காத வேலையைச் செய்ததால் வாசலினுக்கு உத்தியோகம் நிலைத்தது.

பிசைந்த மாவை அச்சில் விட்டு இழை இழையாகப் பிழிந்து, வெட்டி, பித்தளைக் கூட்டுக்குள் செருகுவார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையின் .303 தோட்டாவில், போலீஸ்காரர்கள் இன்றும் 'திரீ நாட் திரீ' என்று சொல்லும் அதே தோட்டாவில், இந்த இழைகள்தான் இருந்தன. தோட்டாவாகக் கோக்கும் வேலை புனேவை அடுத்த கிர்க்கி தொழிற்சாலையில் நடந்தது.

போத்தனூர் ரயில்வே காலனிக்கும் இந்தத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி அன்னியமல்ல. 1920இல் அமைக்கப்பட்ட துணைப்படையில் ரயில்வே வேலைக்கு வரும் ஆங்கிலோ-இந்தியர்கள் சேர்ந்தாக வேண்டும் என்பது அந்தக் கால விதி. இன்ஜின் ஓட்டுபவரும் கார்டும் டிக்கெட் பரிசோதகரும் சீருடை மாட்டிக்கொண்டு குறிபார்த்துச் சுடப் பழகினார்கள். சுட்டு முடித்த மாலையில் துப்பாக்கியைத் துடைக்க வேண்டும். கட்டையின் அடிப்பகுதியில் ஒரு சின்னப் பித்தளை மூடி உண்டு. அதைத் திறந்தால் உள்ளே எண்ணெய்ச் சீசாவும் 'புல் த்ரூ' என்ற பித்தளைக் குண்டு கட்டிய கயிறும் இருக்கும். கயிற்றில் ஃபிளானல் துணியைச் செருகி, குழலுக்குள் விட்டு இழுத்து, எண்ணெய் பூசி வைத்தால் வேலை முடிந்தது.

ஆனால் முடியவில்லை. பளபளவென்று துடைத்து எண்ணெயிட்டு வைத்த குழலை மூன்றாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே பழுப்புப் புள்ளிகள். மறுபடி துடைத்தால் மறுபடி வரும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இதே கதை. புகையில்லா மருந்துக்கு மாறிய எல்லாப் படையும் இதே தலைவலியில் கிடந்தது.

இதற்கு அன்று சொல்லப்பட்ட விளக்கம் கேட்க அழகானது. புகையில்லா மருந்து நைட்ரிக் அமிலம் கொண்டு செய்யப்படுவது. வெடிக்கும்போது அமில வாயுக்கள் பெரும் அழுத்தத்தில் எஃகின் நுண்துளைகளுக்குள் புகுந்துவிடுகின்றன. இரண்டு மூன்று நாள் கழித்து வியர்வை மாதிரி வெளியே கசிகின்றன. அதனால்தான் துடைத்த பிறகும் துரு வருகிறது. சார்ஜென்ட் முதல் கர்னல் வரை நம்பினார்கள். குழல் 'வியர்க்கிறது' என்றே பேச்சு.

நம்பியதற்கு ஒரு நியாயமும் இருந்தது. கார்டைட் ஏற்கெனவே ஒரு வழக்கில் தண்டனை பெற்ற ஆசாமி. 1888இல் வந்த லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கியின் குழலில் திருகுவரிகள் ஆழமில்லாமல் வளைவாக வெட்டப்பட்டிருந்தன. கருமருந்துக்கு ஏற்ற வடிவம் அது. கார்டைட்டின் கடும் வெப்பம் அந்த வரிகளைச் சில ஆயிரம் ரவுண்டுகளிலேயே மழித்துவிட்டது. அதனால்தான் 1895இல் ஆழமான, விளிம்பு கூர்ந்த என்ஃபீல்டு வரிகளுக்கு மாறினார்கள். ஆக, கார்டைட் குழலைத் தேய்க்கும் என்பது நிரூபணமான உண்மை. தேய்ப்பவன்தானே துருவையும் கொண்டுவந்திருப்பான்? ஒரு திருட்டில் பிடிபட்டவன் தலையில் ஊரின் மிச்சத் திருட்டையும் கட்டும் போலீஸ் புத்தி வேதியியலிலும் வேலை செய்தது.

உண்மையான குற்றவாளி ஆள் மிகவும் சின்னவன். .303 தோட்டாவில் கார்டைட் சுமார் 2.4 கிராம். அதைப் பற்றவைக்க, கூட்டின் அடியில் பதித்த கேப்பில் இருக்கும் கலவை 0.04 கிராம் அளவுதான். ஒரு குந்துமணி எடையில் மூன்றில் ஒரு பங்கு. சுத்தி ஊசி அடித்ததும் முதலில் தெறிப்பது இது. மெர்க்குரி ஃபல்மினேட், ஆன்டிமனி சல்ஃபைடு, பொட்டாசியம் குளோரேட் ஆகியவை அதில் கலந்திருக்கும். குளோரேட்டின் வேலை ஆக்சிஜன் கொடுப்பது. சூட்டில் அது தன்னிடமுள்ள ஆக்சிஜன் அத்தனையையும் கழற்றிக் கொடுத்துவிடும். கொடுத்த பிறகு மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்பின் உடன்பிறப்பு. ரத்த அழுத்தக்காரர்களுக்கு விற்கும் சோடியம் குறைந்த உப்பில் கலப்பதும், வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரமும் இதுதான்.

ஒரு தோட்டாவுக்குச் சில மில்லிகிராம் உப்பு. அது ஆவியாகி, வாயுவோடு குழல் முழுக்க ஓடி, குளிர்ந்த சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படியும். பதினைந்து இருபது ரவுண்டு சுட்டால் படலம் தடிக்கும். அப்போதும் பார்த்தால் தெரியாது.

இங்கே வாசகருக்கு ஒரு நியாயமான கேள்வி வரும். குளோரேட் கேப்பு புகையில்லா மருந்தோடு வந்ததில்லையே. கருமருந்துக் காலத்திலேயே அது இருந்ததே, அப்போது ஏன் இந்தப் புகார் இல்லை? காரணம் சுவையானது. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் கரியும் உப்புகளுமாகக் குழலிலேயே தங்கிவிடும். அந்தக் கசடை எண்ணெயால் எடுக்க முடியாது. வெந்நீர் ஊற்றிக் கழுவியே ஆக வேண்டும். நம் நாட்டுத் துப்பாக்கிக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். கசடுக்காக ஊற்றிய வெந்நீர், கூடவே கேப்பின் உப்பையும் யாருக்கும் தெரியாமல் கரைத்துக்கொண்டு போனது. புகையில்லா மருந்து வந்ததும் குழலில் கசடு இல்லை. கசடு இல்லாத இடத்தில் தண்ணீர் எதற்கு, இரும்புக்குத் தண்ணீர் ஆகாதே என்று எண்ணெய்த் துணியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆக, துரு வந்தது புதிய மருந்தால் அல்ல, பழைய கழுவலை விட்டதால். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். புதிய பொருளும் புதிய நோயும் ஒரே ஆண்டில் வந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று தோன்றத்தானே செய்யும்? இரண்டுக்கும் நடுவே கைவிடப்பட்ட பழக்கம் யார் கண்ணிலும் படவில்லை.

1922இல் அமெரிக்கச் சுரங்கத்துறை ஆய்வகத்தைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் இந்த முடிச்சை அவிழ்த்தார். குழலில் மிஞ்சிய கசடை ஆராய்ந்து, துருவுக்குக் காரணம் கேப்பின் குளோரேட் விட்டுச்சென்ற உப்புதான் என்று காட்டினார். அந்த உப்பு எண்ணெய்க்கு அடியிலும் வேலை செய்யும் என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. வியர்க்கும் எஃகு என்ற கதை அதோடு சாய்ந்திருக்க வேண்டும், முழுதாகச் சாயவில்லை. இன்றும் அதைச் சொல்பவர்கள் உண்டு.

உப்பு எப்படித் துருவைக் கொண்டுவருகிறது? பொட்டாசியம் குளோரைடு உலர்ந்து கிடக்கும்வரை சாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 84 விழுக்காட்டை எட்டினால், அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரெதிரே உட்கார்ந்திருக்கும் போத்தனூரில், மதுக்கரையில், ஆனி ஆடி மாத விடியற்காலைகளில் இந்த அளவு ஒன்றும் அபூர்வமல்ல. கேரளத்தில் கொட்டிய மழையின் ஈரக்காற்று கணவாய் வழியாகப் புகுந்து வரும். பகலில் அதே காற்று சற்று உலர்ந்துவிடும். எனவே உச்சிவெயிலில் குழலைத் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் சுத்தமாகத் தெரியும். இரவில் உப்பு நனையும், பகலில் காயும், மறுபடி நனையும்.

நனைந்த உப்பு மின்சாரம் கடத்தும் கரைசல். அதன் கீழே இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரானை இழந்து கரைகிறது. இன்னோரிடத்தில் ஆக்சிஜனும் நீரும் அந்த எலக்ட்ரானைப் பெற்றுக்கொள்கின்றன. ஒரு சின்ன மின்கலம், இரும்பையே எரிபொருளாக்கி ஓடுகிறது. குளோரைடு அயனி இரும்பின் மேல் இயல்பாக இருக்கும் ஆக்சைடு படலத்தைத் துளைத்து இதற்கு வழி திறந்துவிடுகிறது. இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகி, அது நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து துருவாகும்போது குளோரைடு அமிலமாகத் திரும்ப விடுதலையாகிறது. விடுதலையானது அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. குளோரைடு செலவாவதே இல்லை. சில மில்லிகிராம் உப்பு ஒரு குழலைக் கெடுக்கப் போதுமானது இதனால்தான். துரு பரவலாக வராமல் குழிக்குழியாக இறங்குவதும் இதனால்தான். குழிக்குள் ஒருமுறை அமிலமும் குளோரைடும் குடியேறிவிட்டால் வெளியேற்றுவது கடினம்.

எண்ணெய் ஏன் காப்பாற்றவில்லை? எண்ணெயில் உப்பு கரையாது. துணி இழுக்கும்போது கொஞ்சம் உப்பு ஒட்டி வரும். மிச்சத்தின் மேல் எண்ணெய் ஒரு போர்வையாகப் படியும். அந்தப் போர்வை அடைப்பானது என்று நாம் நினைக்கிறோம். ஆக்சிஜன் எண்ணெயில் கரைந்து ஊடுருவும். நீராவியும் மெதுவாக ஊடுருவும். கோவை லேத்துப் பட்டறைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கை அதிகம் வியர்க்கும் ஆளைக் கடைசி ஃபினிஷிங் ஜாப்பில் கைவைக்க விடமாட்டார்கள். அவர் தொட்ட இடத்தில், மேலே எண்ணெய் தடவி அடுக்கினாலும், ரெண்டு நாளில் விரல் ரேகை அப்படியே துருவில் எழுந்து நிற்கும். அங்கே வியர்வையின் சோடியம் குளோரைடு, இங்கே கேப்பின் பொட்டாசியம் குளோரைடு.

மருந்து எளிது: தண்ணீர். பொட்டாசியம் குளோரைடு 100 மில்லி சாதாரணத் தண்ணீரில் 34 கிராம்வரை கரையும். குழலில் இருப்பதோ சில மில்லிகிராம்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு அது பொருட்டே அல்ல. பிரிட்டிஷ் படையில் .303க்கென்றே வளைந்த மூக்கு வைத்த தகரப் புனல் ஒன்று இருந்தது. அதைத் தோட்டா அறையில் பொருத்திக் கொதிநீரை ஊற்றி, முனை வழியாக வடியவிடுவார்கள். கொதிநீர் எதற்கு என்றால், உப்பைக் கரைக்க அல்ல. எஃகு நன்றாகச் சூடேறிவிட்டால் ஒட்டிய ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும் என்பதற்காக. அதன்பின் உலர்ந்த துணி, அதன்பின் எண்ணெய். ஹஃப் ஆய்வுக்கு முன்பே வெந்நீரின் பயனை அனுபவத்தில் கண்டவர்கள் இருந்தார்கள். காரணம் தெரியாததால் அது சிலர் செய்யும், சிலர் செய்யாத சடங்காக நின்றுபோனது.

கோவைக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் இரண்டு ஜாதி: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. இங்கே அந்த வித்தியாசம் உயிர்நாடி. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணியில் கழுவினால் ஒரு குளோரைடைக் கரைத்து இன்னொரு குளோரைடைக் காயவைத்த கதைதான். சிறுவாணித் தண்ணி மென்மையானது. இதற்குப் பாந்தமாக இருக்கும். கடைசிக் கழுவலுக்கு, கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் இன்னும் நல்லது.

கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவத்தை ஊற்றினால் உப்பு 'முறிந்துவிடும்' என்றொரு நம்பிக்கை வெளிநாட்டுத் துப்பாக்கிக்காரர்களிடம் பரவலாக உண்டு. அதிலுள்ள அம்மோனியாவுக்கு அந்தப் பெருமை. பொட்டாசியம் குளோரைடு அமிலமல்ல, நடுநிலை உப்பு. அதில் முறிக்க ஒன்றுமில்லை. அம்மோனியா குழலில் ஒட்டிய செம்பை ஓரளவு கரைக்கும், அவ்வளவே. உப்பை எடுப்பது அந்தத் திரவத்தில் பெரும்பங்காக இருக்கும் தண்ணீர். விலை கொடுத்து வாங்கிய தண்ணீர், நீலச் சாயத்தோடு.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் காலத்தில் துப்பாக்கிக்கு ரங்கூன் எண்ணெய் என்று பர்மா பெட்ரோலியத்திலிருந்து வடித்த ஒன்றைப் பயன்படுத்தினார்கள். இன்றைய துப்பாக்கி எண்ணெயும் கனிம எண்ணெய் வகைதான். அருவாளுக்கும் கொடுவாளுக்கும் தேங்காயெண்ணெய் தடவி வைப்பது நம் வழக்கம். தினமும் எடுத்துத் தீட்டுகிற கருவிக்கு அது சரி. மாதக்கணக்கில் அசையாமல் வைக்கும் போல்ட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஆகாது. தாவர எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகும். அதன் கொழுப்பு அமிலங்கள் இரும்பைச் சீண்டும். பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இனி, ஒரு பழைய தோட்டா துருவேற்றும் ரகமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பித்தளைக் கூட்டின் அடித்தட்டில் கேப்பைச் சுற்றி எழுத்துகள் பொறித்திருக்கும். கே, எஃப் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் கிர்க்கி. பக்கத்தில் ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள், ரோமன் எண்ணில் ஏழு. அந்த ஏழு, 1910இல் ஏற்கப்பட்ட ஏழாம் ரகத் தோட்டா என்பதைச் சொல்கிறது. கேப்பைச் சுற்றி ஊதா அரக்குப் பூச்சு இருந்தால் சாதாரணக் குண்டு. சிவப்பு, ஒளிக்கோடு விடும் குண்டு. இந்த நிறங்கள் குண்டின் வகையை மட்டும் சொல்கின்றன. கேப்பின் கலவையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சில கூடுகளில் ஏழுக்குப் பின்னால் இசட் என்ற எழுத்து இருக்கும். உள்ளே கார்டைட் இல்லை, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து என்பது அதன் பொருள். 'கார்டைட் இல்லையா, அப்படியென்றால் துரு இல்லை' என்று நினைக்கத் தோன்றும். அதே பழைய தப்பு. மருந்து மாறினாலும் கேப்பில் குளோரேட் இருந்தால் உப்பு உப்புதான்.

காலி கூட்டுக்குள் வெளிச்சமடித்துப் பார்த்தால், அடியில் ஒரே துளை நடுவில் இருக்கலாம், அல்லது இரண்டு சிறு துளைகள் பக்கத்துக்கொன்றாக இருக்கலாம். ஒற்றைத் துளை ஆங்கிலேயரான பாக்ஸரின் முறை, இரட்டைத் துளை அமெரிக்கரான பெர்டனின் முறை. வேடிக்கை என்னவென்றால் பிரிட்டன் அமெரிக்கருடையதை எடுத்துக்கொண்டது, அமெரிக்கா ஆங்கிலேயருடையதை. இரட்டைத் துளை பழைய ராணுவத் தோட்டாக்களில் அதிகம். எனவே சந்தேகத்துக்கு அது ஓர் இடம். ஆனால் துளையின் எண்ணிக்கைக்கும் வேதியியலுக்கும் நேரடி உறவு கிடையாது. காந்தம் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. காந்தம் ஒட்டினால் குண்டிலோ கூட்டிலோ எஃகு இருக்கிறது என்று தெரியும். அதற்கும் துருவுக்கும் சம்பந்தமில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒரு சோதனைதான். ஆயுதக் கிடங்கின் பணிமனையில் குண்டையும் மருந்தையும் நீக்கி, கேப்பை மட்டும் வெடிக்கவிட்டு, அதன் தெறிப்பை மெருகிட்ட எஃகுத் தகட்டில் பிடிப்பார்கள். குளோரேட் இல்லை என்று தெரிந்த கேப்பின் தெறிப்பை இன்னொரு தகட்டில். ஒன்றுமே படாத மூன்றாவது தகடு ஒப்பிடுவதற்கு. மூன்றையும் ஈரமான இடத்தில் வைத்தால் ஓரிரு நாளில் தகடே பேசும். இது தேர்ந்த ஆர்மரரின் வேலை. வீட்டில் தோட்டாவைப் பிரிப்பது கையையும் கண்ணையும் பணயம் வைப்பது. உரிமம் இல்லாமல் தோட்டாவை வைத்திருப்பதே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தா பெட்டியின் அடியிலிருந்து பழைய ரவுண்டு ஒன்று உருண்டு வந்தால் அதைக் காவல் நிலையத்தில் சொல்லி ஒப்படைப்பதே முறை.

குற்றவாளி 1922லேயே பிடிபட்டும் ராணுவங்கள் பல பத்தாண்டுகள் அவனை வேலைக்கு வைத்திருந்தன. சோம்பல் மட்டும் காரணமல்ல. குளோரேட் கேப்பு கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் தவறாமல் வெடிக்கும். ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனம் 1928இல் சினாக்சிட் என்ற பெயரில் ஈய ஸ்டிஃப்னேட்டும் டெட்ரசீனும் கலந்த, உப்பு விடாத கேப்பைக் கொண்டுவந்தது. இன்றைய கேப்புகள் பெரும்பாலும் அதன் வாரிசுகள். ஆனால் இருபது ஆண்டு கிடங்கில் இருந்தபின் போர்முனையில் வெடிக்குமா என்று நிரூபிக்க இருபது ஆண்டு ஆகும். துரு பிடித்த குழலை மாற்றலாம், வெடிக்காத தோட்டாவோடு நிற்கும் சிப்பாயை என்ன செய்வது என்பது தளபதிகளின் கணக்கு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் .30 கார்பைனுக்கு மட்டும் தொடக்கம் முதலே உப்பில்லாத கேப்பு கொடுத்தது. அதன் வாயு பிஸ்டனைச் சிப்பாயால் எளிதில் கழற்றிக் கழுவ முடியாது என்பதுதான் காரணம். அதன் மற்றத் துப்பாக்கித் தோட்டாக்கள் மாறியது 1950களின் தொடக்கத்தில். சோவியத் நாடு மாறாமல் குழலின் உட்புறத்துக்குக் குரோமியம் பூசிச் சமாளித்தது. கலவையில் இருந்த பாதரசம் தனிக்கதை. அது எஃகை விட்டுவிட்டுப் பித்தளையைப் பிடித்து நொறுங்கவைக்கும்.

.303 இந்தியப் போலீசில் நெடுங்காலம் இருந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாளில்தான். கொங்குப் பக்கம் தோட்டக் காவலுக்கு உரிமம் வாங்கி வைத்திருப்பவர்களிடம் இருப்பது பெரும்பாலும் 12 போர். அவர்களுக்கு வரும் சோதனை தேர்தல். அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். முடிவு வந்து திரும்பக் கிடைக்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. என்ன கேப்பு சுட்டோம் என்று தெரியாத துப்பாக்கியை எண்ணெய் மட்டும் தடவிக் கொடுத்துவிட்டு வருவது, சிறுதுளி உப்புக்குப் பல வார அவகாசம் கொடுப்பது. கொடுக்கும் முன் இரண்டு முறை நல்ல தண்ணி, முழு உலர்த்தல், பிறகு எண்ணெய். உறைக்குள் போட்டு வைக்கக் கூடாது. தோல் உறையும் துணி உறையும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

உப்பு முழுக்கப் போய்விட்டதா என்று அறிய வழி உண்டா? உண்டு. பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் எல்லோரும் செய்ததுதான். கடைசியாக வடிநீர் விட்டுக் கழுவி, குழல் முனையில் வடிவதைச் சோதனைக் குழாயில் பிடித்து, ஓரிரு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட்டால், குளோரைடு இருக்கும்வரை வெண்மையாகக் கலங்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் இந்தச் சோதனை செல்லாது; அதுவே கலங்கும்.

தொல்லியல் ஆய்வகங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பேரூரைத் தாண்டி, கோவையைத் தாண்டி ஓடும் நொய்யல், ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் என்ற ஊரைத் தொடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இரும்பு உருக்கிய ஊர் அது. 1980களில் இருந்து நடந்த அகழாய்வுகளில் உலைகளும் இரும்புப் பொருள்களும் வெளிவந்தன. மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்த இரும்பு, வெளியே எடுத்த சில மாதங்களில் பொரிந்து உதிர்வது அகழாய்வாளர்களுக்குப் பழகிய துக்கம். மண்ணிலிருந்து துருவுக்குள் இறங்கிய குளோரைடு, புதிய காற்றும் ஈரமும் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. மேலே மெழுகு பூசினால் நிற்காது. சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைட்டும் கலந்த காரக் கரைசலில் பொருளை ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் அதில் வந்திருக்கும் குளோரைடை அளப்பார்கள். ஒரு துப்பாக்கிக் குழலுக்குப் பத்து நிமிடம் போதும். ஆழத் துருவேறிய ஓர் ஈட்டி முனைக்கு வாரங்கள், சிலசமயம் மாதங்கள் ஆகும்.